மணியடித்த பிறகு – 14: என்.எஸ்.எஸ். அறைக்குப் பக்கத்து அறை

பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் ‘கவுன்சலிங்’ என்று சொல்லிப் பாருங்கள். கட்-ஆஃப், ரேங்க், எந்தக் காலேஜ் என்றுதான் பேச்சு போகும். இன்ஜினீயரிங் சீட் ஒதுக்கீட்டுக்கு வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தச் சொல்லுக்கு ஊரில் இன்னொரு பொருளும் உண்டு. “பையனக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் கவுன்சலிங் குடுத்து அனுப்புனாங்க” என்றால், நன்றாகத் திட்டிப் புத்தி சொன்னார்கள் என்று அர்த்தம். ராத்திரி முழுக்கத் தூங்காமல், யாரிடமாவது சொன்னால் தேவலை என்று வருகிற ஒரு மாணவிக்கு, கதவில் ஒட்டியிருக்கும் ‘கவுன்சலிங் சென்டர்’ என்ற தாள் என்ன சொல்லும்?

அந்தத் தாளை நான் பார்த்தது காவிரிப் பாசனப் பக்கத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில். என்.எஸ்.எஸ். அறைக்குப் பக்கத்து அறை. ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். மூலையில் மண்வெட்டி, கடப்பாரை, சுருட்டி வைத்த முகாம் பேனர். ஜன்னலுக்குத் திரை இல்லை. வெளியே டூ-வீலர் ஸ்டாண்ட். உள்ளே உட்கார்ந்து யாராவது அழுதால், வண்டி எடுக்க வருகிற அத்தனை பேரும் பார்க்கலாம்.

அறைக்குப் பொறுப்பு வணிகவியல் துறைப் பேராசிரியை ஒருவர். வாரத்துக்குப் பதினாறு மணி நேர வகுப்பு, தேர்வுப் பணி, உதவித்தொகை விண்ணப்பங்கள், இவற்றோடு இதுவும். நல்ல மனுஷி. பிள்ளைகள் அவரைத் தேடித்தான் வருகிறார்கள். ஆனால் ஒருத்தியும் ‘எனக்குக் கஷ்டமா இருக்கு மேம்’ என்று வாசலில் நின்று ஆரம்பிப்பதில்லையாம். “மேம், ஒரு சைன் வேணும்” என்றுதான் வருவார்களாம். போனஃபைட், பஸ் பாஸ், பேங்க் ஃபாரம், ஏதாவது ஒரு தாள் கையில் இருக்கும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகும் நகராமல் நின்றால், விஷயம் வேறு என்று புரிந்துகொள்ள வேண்டும். “அப்ப நான் மேசையில இருக்கிற இன்டர்னல் மார்க் ரெஜிஸ்டரை எடுத்து உள்ள வெச்சிருவேன். அது கண்ணுல பட்டா வாய் திறக்காதுங்க” என்றார்.

இந்தத் தொடரில் இந்த வாரம் நான் சொல்ல நினைத்ததெல்லாம் அந்த ரெஜிஸ்டருக்குள் இருக்கிறது. அக மதிப்பெண் போடுகிறவர், வருகைப் பதிவில் கை வைக்கிறவர், ஹால் டிக்கெட்டை நிறுத்தச் சொல்லக்கூடியவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், அவரிடம் ஒரு மாணவி எல்லாவற்றையும் சொல்ல மாட்டாள். சிக்கலே ஒரு துறையில், ஓர் ஆசிரியரால் வந்ததென்றால் கேட்கவே வேண்டாம். பொறுப்பாளர் அவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர்.

அங்கே மென்டர் நோட்டும் பார்த்தேன். இருபது, இருபத்தைந்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்து எழுதும் நோட்டு. நாக் தரமதிப்பீட்டுக் குழு வந்தால் காட்ட வேண்டும். பெயர், பதிவு எண், பெற்றோர் தொழில், கடைசிக் கட்டத்தில் ‘மாணவரின் குறைகள்’. பக்கம் பக்கமாக ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’. எல்லாம் ஒரே நீல மை. ஒரே நாளில் எழுதியது போல. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதிப் பணியிடம் காலியாகக் கிடக்கிற துறையில் கௌரவ விரிவுரையாளர்கள்தான் வண்டியை இழுக்கிறார்கள். அவர்களிடம் இதையும் கொடுத்தால் ‘இல்லை’ என்றுதான் எழுத முடியும்.

2022-இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்த கணக்கு. அதிகம் இழந்த மாநிலங்களின் வரிசையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்.

உச்ச நீதிமன்றம் 2025-இல் இரண்டு முறை இதில் தலையிட்டது. மார்ச் மாதம், உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் தற்கொலைகளை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. ஜூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. சட்டம் வரும்வரை நாடு முழுக்க அவை கட்டுப்படுத்தும். அதில் ஒன்று: 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும், தகுதி பெற்ற ஒரு மனநல ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ ‘நியமிக்க அல்லது ஈடுபடுத்த’ வேண்டும்.

‘நியமிக்க’ என்பதோடு அந்த வரி நின்றிருக்கக் கூடாதா என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. நியமனம் என்றால் பணியிடம். அரசாணை, நிதித்துறை ஒப்புதல், ஊதிய விகிதம், விடுப்பு, ஓய்வூதியம். ‘ஈடுபடுத்த’ என்றால் வாரத்துக்கு இரண்டு நாள் ஒருவரை வரச் சொல்லி, மணிக்கணக்கில் மதிப்பூதியம் கொடுத்தாலும் உத்தரவு நிறைவேறியதாகக் காட்டலாம். இன்னொன்று: 100 பேர் படிக்கும் இடத்துக்கும் ‘குறைந்தது ஒருவர்’, 4,000 பேர் படிக்கும் கல்லூரிக்கும் ‘குறைந்தது ஒருவர்’. தகுந்த விகிதம் வேண்டும் என்று தீர்ப்பு சொல்கிறது. எத்தனை பேருக்கு ஒருவர் என்று எண் வைக்கவில்லை.

எண் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்குக் கலிஃபோர்னியா ஒரு பாடம். 1,000 முதல் 1,500 மாணவர்களுக்கு ஒரு முழுநேர ஆலோசகர் என்பது அமெரிக்காவில் இத்துறைக்கான சர்வதேசச் சங்கம் பரிந்துரைக்கும் அளவு. அதைச் சட்டமாக்க, கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களிலும் சமுதாயக் கல்லூரிகளிலும் 1,500-க்கு ஒருவர் கட்டாயம் என்று 2018-இல் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஜெரி பிரவுன் கையெழுத்திட மறுத்தார்; அதைக் கல்லூரிகளே முடிவு செய்யட்டும் என்றார். அங்கே ஆலோசகர்கள் பேராசிரியர் சங்கத்திலேயே உறுப்பினர்கள். 2024 ஜனவரியில் அந்தச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு ‘ஆலோசகர் எண்ணிக்கையைக் கூட்டு’ என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. அவ்வளவு பணம் புழங்கும் மாநிலத்திலேயே இந்த நிலை. ஆனாலும் அங்கே அந்த வேலை ஒரு வேலையாக இருக்கிறது. கேட்பதற்கு ஒரு சங்கம் இருக்கிறது.

தமிழ்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2022 டிசம்பரில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் முதல்வர் ‘மனம்’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநல நல்லாதரவு மன்றங்கள் அமைத்து, பிறகு மற்ற கல்லூரிகளுக்கும் கொண்டுபோவது நோக்கம். மருத்துவக் கல்லூரியில் அதற்கு அடித்தளம் உண்டு. மனநலத் துறையே அதே வளாகத்தில் இருக்கிறது. கலைக் கல்லூரி மாணவி இரண்டு பஸ் மாறி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த ஓ.பி. சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். அம்மா கண்ணில் அது படக் கூடாது.

கல்லூரிக்குள் பிள்ளைகளைக் கொண்டுவருவதில் நாம் முன்னே நிற்கிறோம். 2021-22 கணக்கில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4, இங்கே 47. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் போகிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த பிள்ளைக்கு, அரியர் என்றால் என்ன என்று அப்பாவுக்கு விளக்குவதே பெரும்பாடு. தோற்றுவிட்டோம் என்று அது வீட்டில் சொல்ல முடியாது, ஹாஸ்டலிலும் சொல்ல முடியாது. 14416 என்ற டெலி-மானஸ் எண் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசும். இதைப் படிக்கும் பிள்ளைகள் யாராவது அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தால் தயவுசெய்து அழையுங்கள். அந்த எண் அவசரத்துக்கு. மூன்று வருஷம் ஒரே முகத்தைப் பார்த்துப் பேச, வளாகத்துக்குள் ஓர் ஆள் வேண்டும்.

அப்படி வந்த ஓர் ஆளை எனக்குத் தெரியும். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர், மனநலச் சமூகப் பணி அவர் சிறப்புப் பாடம். வேறொரு அரசுக் கல்லூரிக்குச் செவ்வாயும் வெள்ளியும் போய்வந்தார். மணிக்கணக்கில் மதிப்பூதியம், மூன்று மாதம் சேர்த்து ஒரு தடவை வரும். பஸ் சார்ஜ் கைக்காசு. தேர்வு வந்தால் வினாத்தாள் கட்டு வைக்க அறை வேண்டும் என்று சாவியை வாங்கிக்கொள்வார்கள்; அவர் வேப்ப மரத்தடி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார். முதல் மாதம் நான்கு பேர்தான் வந்தார்களாம். டிசம்பரில் வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்பது பேர். அக்காவைப் பார்த்தியா என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லி வந்தவர்கள். மேடம் என்று யாரும் கூப்பிடவில்லை.

ஒப்பந்தம் மார்ச் 31-உடன் முடிந்தது. செமஸ்டர் தேர்வு ஏப்ரலில். பிள்ளைகள் அதிகம் தவிக்கும் மாதத்துக்கு முந்தின நாள் அவர் வெளியே.

கடைசி நாளில் அலுவலகத்தில் ஒரு பொருள் கேட்டார்கள்: மாணவர்கள் பற்றிய குறிப்பு நோட்டு. “கல்லூரி ரெக்கார்டும்மா, ஒப்படைச்சிட்டுப் போங்க” என்றாராம் கண்காணிப்பாளர். பூட்டுப் போட்ட பீரோ ஒன்று கேட்டு அவர் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தும் கிடைத்திருக்கவில்லை. அந்த நோட்டை எட்டு மாதமும் தன் தோள்பையில்தான் தூக்கிக்கொண்டு அலைந்தார். உள்ளே பெயர் இல்லை, எண்கள்தான். ஆனால் சின்ன ஊர். எந்தத் துறை, எந்த ஊர் பஸ் என்று படித்தால் போதும், யார் என்று கிளார்க்குக்குத் தெரிந்துவிடும். சிகிச்சை பெறுகிறவரின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. மணிக்கணக்கில் வந்துபோகிற ஓர் ஆலோசகர் எழுதிய நோட்டு யாருடையது என்று அந்த அலுவலகத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை.

அவர் கொடுக்கவில்லை. அந்த மாதச் சம்பள பில் நிற்கும் என்றார்கள், நின்றது. நோட்டு இப்போதும் அவர் வீட்டு அலமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. ஜூனில் கல்லூரி திறந்தபோது, மூன்று பிள்ளைகள் வேப்ப மரத்தடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு அவருக்கு போன் செய்தார்கள்.

(தொடரும்)