விபத்து குறைவு என்றால் அந்தக் கடல்பாதை பாதுகாப்பானதா? சிங்கப்பூர் நீரிணை சொல்லும் கணக்கு

2017 ஆகஸ்ட் 21, விடியற்காலை. சிங்கப்பூர் நீரிணையை நெருங்கிக்கொண்டிருந்த ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலும் ‘அல்னிக் எம்சி’ என்ற டேங்கர் கப்பலும் மோதின. போர்க்கப்பலில் இருந்த 10 மாலுமிகள் உயிரிழந்தார்கள்.

‘வருஷத்துக்கு எத்தனை விபத்து?’ என்று எண்ணிப் பார்த்தால் இந்தப் பாதையின் ஆபத்து தெரிந்துவிடுமா? தெரியாது.

ஏன் இங்கே சிக்கல்?

இந்தியாவிலிருந்து சீனா, ஜப்பான் போகும் பெரும்பாலான சரக்குக் கப்பல்களுக்கு இதுதான் வழி. பிலிப் சேனல் பகுதியில் அகலம் சுமார் 2.8 கி.மீ. மட்டுமே. எதிரெதிர் திசைகளுக்குத் தனித்தனி வழித்தடம் உண்டு. ஆனால் துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பல்களும், படகுகளும் குறுக்கே கடந்தாக வேண்டும். பெரிய டேங்கர்களுக்கு ஆழமும் பிரச்சினை. கப்பலின் அடிப்பாகத்துக்கும் கடல் தரைக்கும் நடுவே குறைந்தது 3.5 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. சட்டென்று பிரேக் போடவும் முடியாது. முழு வேகத்தில் வரும் பெரிய டேங்கர் நிற்கச் சில கிலோமீட்டர் ஆகும்.

ஆபத்தை எப்படி அளக்கிறார்கள்?

கப்பல்கள் தங்கள் இடம், வேகம், திசையை ‘ஏஐஎஸ்’ என்ற கருவி மூலம் தொடர்ந்து அனுப்புகின்றன. அந்தத் தரவை வைத்து, யாருமே திசை மாற்றாமல் போனால் எத்தனை முறை மோதியிருக்கும் என்று முதலில் கணக்கிடுகிறார்கள். பிறகு, மோதலைத் தவிர்க்கத் தவறும் வாய்ப்பால் அதைப் பெருக்குகிறார்கள். இந்த வாய்ப்பைப் பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் வைப்பார்கள்.

உதாரணமாக, வருஷத்துக்கு 5,000 மோதல் வாய்ப்புகள் என்றால், 2 வருஷத்துக்கு ஒரு விபத்தை எதிர்பார்க்கலாம். ஒரு வருஷம் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. போக்குவரத்து இரண்டு மடங்கானால் மோதல் வாய்ப்புகள் சுமார் நான்கு மடங்காகும். ஏனென்றால் ஒவ்வொரு கப்பலும் சந்திக்கும் கப்பல்களும் கூடுகின்றன இல்லையா?

கணக்கு எங்கே தப்பும்?

இரண்டு இடங்களில். முதலாவது, மனிதத் தவறு. மெக்கெய்னில் ஸ்டியரிங் பழுதாகவில்லை. கட்டுப்பாடு வேறொரு மேசைக்கு மாறியது தெரியாமல், பழுதென்று நினைத்துவிட்டார்கள். ‘பத்தாயிரத்தில் ஒன்று’ என்பது பயிற்சியையும் தூக்கமின்மையையும் பொறுத்து ஏறி இறங்கும்.

இரண்டாவது, சிக்னல் அனுப்பாதவர்கள். 2017-இல் நடந்த விபத்துகளுக்குப் பிறகுதான், நெரிசலான கடலில் ஏஐஎஸ் சிக்னல் அனுப்பும்படி அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்கு உத்தரவிட்டது. சர்வதேசப் பயணத்தில் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு ஏஐஎஸ் கட்டாயம். சின்ன மீன்பிடிப் படகுகள் பலவற்றில் அது கிடையாது.

ஆகவே, ‘இந்தப் பாதை பாதுகாப்பானது’ என்று ஓர் அறிக்கை சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தக் கணக்கில் சின்னப் படகுகளையும் சேர்த்தீர்களா? மோதினால் முதலில் மூழ்குவது அவர்கள்தான்.