கூண்டை அடுப்படியில் தொங்கவிடாதீர்கள்

செந்துறைப் பக்கம் முந்திரிக்கொட்டை சுடும்போது தெருவில் போகிறவர்களும் கண்ணைக் கசக்குவார்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் எரிந்து எழும் புகை அது. நமக்குக் கண் எரிச்சலோடு போகிறது. கூண்டிலிருக்கும் லவ் பேர்ட்ஸுக்கு?

நாம் இழுத்த மூச்சை வந்த வழியே விடுகிறோம். பழைய காற்றில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். பறவைக்கோ நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. அவை துருத்தி போல் இயங்க, நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று கிடைக்கிறது. பறப்பதற்கு வாய்த்த இந்த வசதியே நச்சுக்காற்றில் வினையாகிறது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கானரிக் குருவிகளை வைத்திருந்தார்களே, ஏன்? கார்பன் மோனாக்சைடு பரவினால் மனிதருக்கு முன்பே அவை மயங்கி விழும்.

புகையாவது கண்ணுக்குத் தெரியும். ஒட்டாத தோசைக்கல்லின் டெஃப்லான் பூச்சு அப்படியல்ல. வெறும் கல்லை அடுப்பில் மறந்துவிட்டால், சுமார் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது சிதைந்து நச்சாவி கிளம்பும். நமக்கு மணம்கூடத் தெரியாதிருக்கலாம். குருவி சில நிமிடங்களில் இறந்துவிடக்கூடும். முறிமருந்து கிடையாது. தோசைக்குப் பழைய இரும்புக்கல் போதாதா? ருசியும் அதில்தான்!

கூண்டுள்ள அறையில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் வேண்டாம். குருவி வாயைத் திறந்து, வாலை ஆட்டி ஆட்டி மூச்சு வாங்கினால், உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.