கறுப்பு வெள்ளையிற் பிறந்த ஆமைகள்

ரெனானில் எமது வீட்டு யன்னலோரத்தில் நான்கு ஆமைகள் வரிசையாக நிற்கின்றன. சாண் உயரமுமில்லாத பிளாஸ்ரிக் பொம்மைகள். பன்னிரண்டு வயதான என் மகன், லா ஷோ-த-ஃபோன் நகரின் பழம்பொருட் சந்தையில் நாற்பது பிராங் கொடுத்து அவற்றை வாங்கினான். “இந்தக் காசுக்கு ஒரு கிழமைக்கு மரக்கறி வாங்கலாமே” என்றார் என் மனைவி. நானும் தலையசைத்தேன். அவனோ பொம்மையிற் பொறித்திருந்த 1988 என்ற ஆண்டைக் காட்டி, அதன் வரலாற்றைக் கூறத் தொடங்கினான். பிரெஞ்சு வேண்டாம், தமிழிற் சொல் என்றேன். அரைமணி நேரம் தமிழிற் பேசினான். நாற்பது பிராங்குக்கு அது மலிவே.

‘நிஞ்சா ஆமைகள்’ 1984 மே மாதத்தில் அமெரிக்காவில் வெளிவந்த சித்திரக்கதை. கெவின் ஈஸ்ட்மன், பீற்றர் லெயார்ட் என்னும் இரு ஓவியர்கள், உறவினர் ஒருவரிடம் பெற்ற கடனையும் சேர்த்து ஏறத்தாழ 3,000 பிரதிகளை மலிவுத் தாளில் அச்சிட்டனர். உள்ளே வண்ணமில்லை. லியனார்டோ, ரபாயேல், டொனற்றெல்லோ, மைக்கலாஞ்சலோ எனக் கலைமேதைகளின் பெயர் தாங்கிய நால்வரையும் அவரவர் ஆயுதங்கொண்டே இனங்காணவேண்டும். நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாயில் மறைந்து வாழும் அவர்களுக்கு ஆசான் ஓர் எலி. ஆசிரியத் தொழிலுக்கு அளிக்கப்பட்ட மதிப்பு அதுபோலும்!

1987 இல் தொலைக்காட்சித் தொடரும், 1988 இல் பிளேமேற்ஸ் நிறுவனத்தின் முதற் பத்துப் பொம்மைகளும் வந்தன. அப்போதுதான் முகமூடிகளுக்கு நீலம், சிவப்பு, ஊதா, செம்மஞ்சள் என நிறம் பிரித்தனர். முதலில் வந்த ஆமைகளின் தலை மென்மையான றப்பரால் ஆனது. சேகரிப்போர் முதலில் தலையைத்தான் அழுத்திப் பார்ப்பர். உறை பிரியாதவற்றுக்கு விலை அதிகம். ஆயுதம் தொலைந்தவற்றுக்கு மதிப்புக் குறைவு. எமது மைக்கலாஞ்சலோவின் கைகள் வெறுமையாக இருக்கின்றன.

எமக்கும் ஒரு கறுப்பு வெள்ளை நாயகன் இருந்தான். ‘வலியண்ட்’ என்ற ஆங்கில வார இதழில் 1962 இல் தோன்றி, 1972 இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் முதலாவது இதழில் தமிழ் பேசிய இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரியும். அவனைப் பொம்மையாக நாம் கண்டதில்லை. கிழிந்த அட்டையுடன் கைமாறும் புத்தகமாகவே கண்டோம்.

1995 செப்ரெம்பரில், யாழ்ப்பாணத்தில் நான் கற்பித்த வகுப்பில், அத்தகைய புத்தகமொன்றைச் சிறுவன் ஒருவனிடமிருந்து பறித்தேன். தவணை முடிவில் தருவதாகக் கூறி அலுமாரியில் வைத்தேன். அத்தவணை முடியவில்லை. ஒக்ரோபர் 30 இல் ஊரே பெயர்ந்தது. சாவகச்சேரியில் ஒரு பாடசாலை விறாந்தையில் நாங்கள் தங்கியிருந்தபோது அவன் என்னைத் தேடி வந்தான். “சேர், அந்தப் புத்தகம் கொண்டு வந்தனீங்களோ? அது என்ரையில்லை, இரவல்” என்றான். நான் கொண்டு வந்தவை சான்றிதழ்களும் ஒரு குடையுமே.

சென்ற சனிக்கிழமை மகனுடன் நானும் அச்சந்தைக்குச் சென்றேன். ஒரு மூதாட்டியின் கடையில், பொம்மைகளின் சின்னஞ்சிறு ஆயுதங்கள் நிறைந்த தகரப்பேணி ஒன்று இருந்தது. இருவருமாகக் கவிழ்த்துத் தேடினோம். வாள்கள் பல கிடைத்தன. மைக்கலாஞ்சலோவின் இரட்டைத்தடி மட்டும் அதில் இல்லை. அடுத்த மாதமும் வருவதாக மூதாட்டியிடம் கூறிவிட்டு வந்தோம்.