கணினி விளையாட்டு: இரு பழைய சிக்கல்களுக்கு விடை தேடும் 'கோடோ'

'கோடோ' என்ற திறந்த மூல விளையாட்டு எஞ்சின், 2025ஆம் ஆண்டில் வெளியான இரு பதிப்புகளில், சிறு விளையாட்டுத் தயாரிப்பாளர்களை நெடுங்காலமாக வாட்டிவந்த இரண்டு சிக்கல்களைக் களைய முற்பட்டுள்ளது. விளையாட்டின் நடுவே திரை ஒரு கணம் உறைந்து நிற்பது முதலாவது. விளையாடுபவரின் கணினியில் நேரும் பிழைக்கான காரணம் தயாரித்தவருக்கு எட்டாமற்போவது இரண்டாவது.

காட்சிகளை வரைதல், ஒலி, பொருட்களின் அசைவு போன்ற பொதுவான பணிகளைக் கவனித்துக்கொள்ளும் அடிப்படை மென்பொருளே எஞ்சின் எனப்படுகிறது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியட்ஸ்கி, அரியல் மன்சூர் ஆகியோர் உருவாக்கிய கோடோவின் மூல நிரல் 2014இல் எம்.ஐ.டி. உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. எவரும் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், திருத்தியும் அமைக்கலாம்.

இந்த உரிமத்தின் பொருள் 2023 செப்டம்பரில் பலருக்கும் உறைத்தது. விளையாட்டு நிறுவப்படும் எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணம் வசூலிக்கப் போவதாக யூனிட்டி நிறுவனம் அப்போது அறிவித்தது. கடும் எதிர்ப்பை அடுத்து, 2024 செப்டம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. இதற்கிடையே, 'டெரேரியா' விளையாட்டின் தயாரிப்பாளர்கள் கோடோவுக்கு ஒரு லட்சம் டாலர் நன்கொடை வழங்கினர்.

திரை உறைவது ஏன்?

ஒளி, நிழல், நிறம் ஆகியவற்றைக் கணிக்க, 'ஷேடர்' எனப்படும் சிறு நிரல்கள் பயன்படுகின்றன. வரைகலை அட்டைகள் பலவகைப்பட்டவை என்பதால், இவை ஒவ்வொரு கணினியிலும் அதற்கேற்ற வடிவத்திற்கு மாற்றப்பட வேண்டும். புதியதொரு பொருள் திரையில் தோன்றும் கணத்திலேயே இம்மாற்றம் நிகழ்ந்தால் காட்சி தடுமாறுகிறது.

2025 மார்ச்சில் வெளியான 4.4 பதிப்பு, எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் பொதுவான ஷேடர் ஒன்றை முதலில் இயக்கி, தனிச்சிறப்பான ஷேடரைப் பின்னணியில் தயாரிக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 4.5 பதிப்பு, இவ்வேலையின் ஒரு பகுதியை விளையாட்டு வெளியிடப்படும் முன்னரே முடித்துவைக்க வழிசெய்கிறது.

பிழையின் தடயம்

4.4 பதிப்பில், ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டை எடிட்டருக்குள்ளேயே நிறுத்தி, அதிலுள்ள பொருட்களைத் தேர்ந்தெடுத்து ஆராய முடியும். ஆயினும், தயாரிப்பாளரின் மேசையில் தென்படாத பிழைகளே அதிகத் தொல்லை தருபவை. விற்பனைக்கு வந்த விளையாட்டில் எந்த வரி, எந்தக் கட்டளையின் வழியாக வந்து பிழைக்குள்ளானது என்ற தடத்தைப் பதிவுசெய்யும் வசதி 4.5 பதிப்பில் சேர்க்கப்பட்டது. இதனால் "விளையாட்டு நின்றுவிட்டது" என்ற ஒற்றை வரிப் புகாருக்குப் பதிலாக, தேட வேண்டிய இடம் தயாரிப்பாளருக்குத் தெரியவரும்.

எனினும், எல்லாத் தடைகளும் நீங்கிவிடவில்லை. வரைகலை அட்டைகளின் இயக்கி மென்பொருளில் உள்ள குறைகளை எஞ்சினால் திருத்த இயலாது. சோனி, நின்டெண்டோ போன்ற நிறுவனங்களின் சாதனங்களுக்கான நிரல்கள் இரகசிய ஒப்பந்தங்களுக்கு உட்பட்டவை ஆதலால், அவற்றைத் திறந்த மூலத்தில் சேர்க்கவும் முடியாது.

நன்கொடைகளையும் தன்னார்வலர்களின் உழைப்பையும் நம்பி இயங்கும் திட்டம் இது. பெரிய நிறுவனங்களைப் போல் சோதனைக் குழுக்களை அமர்த்த வசதியற்ற சிறு தயாரிப்பாளர்களுக்கு, பிழையை விரைவாகக் காட்டும் கருவிகள் புதிய வரைகலை அலங்காரங்களைவிடப் பெரிதும் பயன்படக்கூடும்.