டைலுக்குக் கீழே இருக்கும் மரம்

பதித்து இரண்டு குளிர்காலம் ஆகவில்லை, அதற்குள் குளியலறை டைல் கீறிவிட்டது என்றால் பழி முதலில் டைலின்மேல் விழும். மலிவான சரக்கு என்பார்கள். அல்லது பதித்தவர் சரியில்லை என்பார்கள். குனிந்து அந்தக் கீறல் ஓடும் வழியைப் பாருங்கள். ஒரு டைலில் தொடங்கி, நடுவிலுள்ள கிரவுட்டைத் தாண்டி, அடுத்த டைலுக்கும் அதற்கடுத்ததற்கும் நேர்கோடாகப் போகிறதா? அந்தக் கோட்டுக்கு அடியில் அநேகமாக இரண்டு பிளைவுட் பலகைகள் சந்திக்கும் விளிம்பு இருக்கும். பலகைகள் அசைந்திருக்கின்றன, அசைய முடியாத டைல் உடைந்திருக்கிறது.

டொராண்டோவிலும் ஸ்கார்பரோ, மார்க்கம், பிரம்ப்டன் பக்கங்களிலும் வீடு வாங்கிய நம்மவர்களில் டைல் வேலையில் இறங்காதவர்கள் குறைவு. சாவி கைக்கு வந்ததும் பழைய கம்பளத்தைக் கிழித்தெறிந்து வாசலிலும் சமையலறையிலும் டைல் போட மனம் துடிக்கும். ஆனால் ஊரில் நாம் பழகிய தரை வேறு. யாழ்ப்பாணத்து வீட்டிலும் தஞ்சாவூர் வீட்டிலும் மண்ணை நிரப்பி, இடித்து, அதன்மேல் சிமெந்துக் கலவை போட்டதுதான் தரை. அது பூமியோடு கிடக்கிறது. அங்கே டைல் பதிப்பவருக்குத் தரை வளையுமா என்ற கேள்வியே எழாது. இங்குள்ள வீட்டின் தரை அந்தரத்தில் நிற்கிறது.

ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை, பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக, மரச் சட்டங்களைச் செங்குத்தாக நிறுத்தியிருப்பார்கள். ஜாய்ஸ்ட் என்பது இவற்றைத்தான். அவற்றின்மேல் 5/8 அல்லது முக்கால் அங்குலத் தடிப்பில் பிளைவுட், அல்லது மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திய ஓஎஸ்பி பலகை. பழைய டொராண்டோ வீடுகளில் அதுவும் இல்லை, ஒடுக்கமான பலகைகளைச் சாய்வாக அடுக்கி ஆணி அடித்திருப்பார்கள். நாம் நடப்பதும், குளிர்சாதனப் பெட்டி நிற்பதும், குளியல் தொட்டி நீரோடு நிறைவதும் இதன்மேல்தான்.

இந்த மரம் இரண்டு விதமாக அசையும். பாரம் ஏறினால் வளையும், ஈரம் ஏறினால் பருக்கும். ஒன்ராறியோவின் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக்காற்று வறண்டுபோக, மரம் சுருங்குகிறது. யூலை மாதத்துப் புழுக்கத்தில் அதே மரம் ஈரத்தை வாங்கி, நாருக்குக் குறுக்கே விரிகிறது. பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருப்பதால் இந்த அசைவு குறைவு, இல்லாமல் போவதில்லை. சுட்ட மண்ணான டைலுக்கு இந்தப் பருவ மாற்றம் எதுவும் தெரியாது. மேசையில் படுத்திருக்கும் அப்பளத்தை உள்ளங்கையால் அழுத்தினால் தாங்கும், இரண்டு ஓரங்களில் மட்டும் நிறுத்தி நடுவில் அழுத்தினால் முறியும். டைலும் அப்படித்தான், நசுக்குவதைத் தாங்கும், வளைப்பதைத் தாங்காது.

முந்திய தலைமுறைக் கொத்தர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்கள் மரத்தின்மேல் நேரே டைல் ஒட்டியதில்லை. முதலில் தார்த் தாள் விரிப்பார்கள். அதன்மேல் கம்பி வலை, அதன்மேல் ஒன்றேகால் அங்குலம் அளவுக்குச் சிமெந்து மணல் கலவை, பிறகுதான் டைல். தாள் இடையில் இருப்பதால் மேலே உள்ள கலவைத் தட்டு மரத்தோடு ஒட்டாமல் தனியாகக் கிடக்கும். கீழே மரம் விரிந்தாலும் சுருங்கினாலும் மேலே அது இழுக்காது. எழுபது எண்பது வருடப் பழைய குளியலறைகளில் இன்னும் கீறாத சின்ன வெள்ளை டைல் தரைகளைப் பார்த்தால், அந்த வேலைக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அதில் ஒரு விலையும் இருந்தது. அத்தனை கனத்தை வாசல்படி உயராமல் அடக்க, சிலர் ஜாய்ஸ்ட்டின் தலையையே செதுக்கி, கலவையை நடுவே இறக்கிவிட்டார்கள். பழைய வீட்டில் குளியலறையைக் கிண்டுகிறவர் இதை எதிர்பார்த்தே கிண்ட வேண்டும்.

இன்றைய முறைகள் மெல்லியவை, ஆனால் கணக்கு மாறவில்லை. பாரம் ஏறும்போது ஜாய்ஸ்ட்டின் நடுப்பகுதி எவ்வளவு தாழலாம் என்பதற்கு வட அமெரிக்காவில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். பீங்கான் டைலுக்கு, தாங்கலில்லாத நீளத்தில் 360இல் ஒரு பங்கு. மாபிள், ஸ்லேட் போன்ற இயற்கைக் கல்லுக்கு 720இல் ஒரு பங்கு. பன்னிரண்டு அடி ஜாய்ஸ்ட் என்றால் முதலாவது சுமார் 10 மில்லிமீற்றர், இரண்டாவது அதில் பாதி. கல் எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே இயற்கையான நரம்புகள் ஓடுகின்றன, முறிவு அவற்றின் வழியே போகும். அதனால்தான் இந்தக் கண்டிப்பு.

இதில் அதிகம் பேர் கவனிக்காத ஒன்று உண்டு. ஜாய்ஸ்ட்டின் நீளம் பத்து அடியிலிருந்து பன்னிரண்டு அடியானால், கூடுதல் இரண்டே அடிதானே என்று தோன்றும். வளைவோ இரண்டு மடங்காகிறது. மறுபக்கம், எட்டு அங்குலச் சட்டத்துக்குப் பதில் பத்து அங்குலச் சட்டம் இருந்தால் வளைவு பாதியாகக் குறைகிறது. ஆகவே பேஸ்மென்ட்டுக்குள் இறங்கி, அளவு நாடாவால் ஜாய்ஸ்ட்டின் உயரம், இடைவெளி, நீளம் மூன்றையும் எடுப்பதுதான் டைல் வேலையின் முதல் நாள் வேலை. அப்படியே பிளம்பர் போன வழியையும் பாருங்கள். கனடாவின் கட்டட விதிப்படி ஜாய்ஸ்ட்டில் போடும் துளை அதன் உயரத்தில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது, விளிம்பிலிருந்து 2 அங்குலம் தள்ளியும் இருக்க வேண்டும். கழிவுக்குழாய்க்காகப் பாதிச் சட்டத்தை அறுத்துப்போட்ட வீடுகள் இருக்கின்றன. அவற்றின்மேல் எந்த டைலும் நிலைக்காது. பலவீனமான சட்டத்தோடு இன்னொரு சட்டத்தைச் சேர்த்துப் பூட்டலாம், அல்லது நடுவில் உத்திரமும் தூணும் கொடுத்து நீளத்தைப் பாதியாக்கலாம்.

பிறகு மேலே வந்து பழைய தரையைக் கழற்ற வேண்டும். இங்கே அவசரம் ஆபத்து. 1990க்கு முன் கட்டிய வீட்டில், 9 அங்குலச் சதுர வைனல் டைலோ அதன் அடியில் கறுப்புப் பசையோ தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். கனடா அதற்கு முழுமையாகத் தடை போட்டதே 2018இன் கடைசியில்தான். சுரண்டுவதும் தேய்ப்பதும் அந்த நாரைக் காற்றில் கலந்து நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் அனுப்பும். ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டைச் சோதிப்பதற்கு ஆகும் செலவு, மொத்த வேலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

தரை திறந்ததும் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கழிவறைக் கோப்பையைச் சுற்றியும், தொட்டியின் ஓரத்திலும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் அடியிலும் குத்திப் பாருங்கள். நுனி சுலபமாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. அந்தப் பகுதியை ஜாய்ஸ்ட் வரை அறுத்தெடுத்துப் புதுப்பலகை போட வேண்டும், மேலே சிமெந்து பூசி மறைக்கக்கூடாது. நடக்கும்போது கிரீச்சிடும் இடங்களில் ஆணி தளர்ந்திருக்கும். அங்கே பலகையை ஜாய்ஸ்ட்டோடு சேர்த்து 6 அங்குலத்துக்கு ஒரு திருகாணி இறக்கினால் சத்தம் அடங்கும். ஓஎஸ்பி நனைந்து விளிம்பு வீங்கியிருந்தால் தேய்த்துச் சமன் செய்யலாம்.

அடுத்தது மட்டம். 10 அடி நீளத்தில் கால் அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்பது பொது அளவு. ஒரு பக்கம் 15 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள டைல் என்றால் அது அரைக்கால் அங்குலம், அதாவது 1/8. இப்போது எல்லோரும் விரும்புவது இரண்டடிக்கு நாலடி டைல்களை. டைல் பெரிதாகப் பெரிதாகத் தரையின் சின்ன மேடும் பள்ளமும் கூடத் துருத்திக்கொண்டு நிற்கும்.

தடிப்புப் போதாத தரைக்கு இரண்டாவது பிளைவுட் அடுக்கு அவசியம். சாய்வுப்பலகைத் தரைக்கும், கல் பதிக்கும் தரைக்கும் இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. மேல் அடுக்கின் பொருத்துகள் கீழ் அடுக்கின் பொருத்துகளுக்கு நேர்மேலே வரக்கூடாது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே அரைக்கால் அங்குலமும், சுவரோரம் கால் அங்குலமும் விட வேண்டும். இரண்டாம் அடுக்கின் திருகாணி முதல் அடுக்கைப் பிடித்தால் போதும். ஜாய்ஸ்ட்டுக்குள் இறங்கினால், ஜாய்ஸ்ட்டின் வளைவு நேரே மேலே வந்துசேரும்.

அதன்மேல்தான் சிமெந்துப் பலகையோ பிரிப்புத் தாளோ வரும். சிமெந்துப் பலகை போட்டால் தரை விறைப்பாகும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது தரும் விறைப்பு மிகச் சொற்பம். டைல் நன்றாக ஒட்டிப் பிடிக்கும் ஒரு முகத்தைத் தருவதே அதன் வேலை. அதையும் வெறும் திருகாணியால் மட்டும் பிடித்துவிட்டுப் போவதுண்டு. அடியில் தின்செட் என்ற சிமெந்து ஒட்டுக்கலவையைப் பூசி, வெற்றிடம் இல்லாமல் படுக்க வைத்து, பிறகு திருகாணி போட்டு, பொருத்துகளில் வலை நாடா ஒட்ட வேண்டும். பிரிப்புத் தாள் பழைய தார்த் தாளின் யோசனையையே வேறு உருவில் செய்கிறது. ஜெர்மனியின் ஷ்லூட்டர் நிறுவனம் 1987இல் கொண்டுவந்த டிட்ரா என்ற செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் தாள் இதில் பேர்போனது. அதன் சதுரக் குழிகளில் தின்செட் நிறைந்து பிடிக்கும், அடியில் உள்ள இழைத்துணி மரத்தோடு ஒட்டும். மரம் பக்கவாட்டில் நகரும்போது நடுவிலுள்ள தாள் அந்த இழுப்பை வாங்கிக்கொள்கிறது. மேலும் கீழுமான வளைவை அது தடுக்காது, அதற்கு ஜாய்ஸ்ட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இத்தனை அடுக்கும் சேரும்போது தரை உயர்கிறது. கதவின் அடியை வெட்ட நேரும், பக்கத்து அறையோடு படி விழும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தை வெளியே எடுக்காமல் அதன் முன்வரை டைல் போட்டால், பழுதாகும் நாளில் அது மேசைக்கல்லின் அடியில் சிக்கிக்கொள்ளும்.

விலை கேட்கும்போது நாம் சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்கிறோம். இது எனக்கு வருத்தம் தரும் பழக்கம், ஏனென்றால் கீழ்வேலையை நேர்மையாகச் செய்கிறவர் அந்தக் கேள்வியில் தோற்றுப்போகிறார். இரண்டு நாள் தரையைச் சரிசெய்து மூன்றாம் நாள் டைல் எடுப்பவரின் தொகை கூடுதலாகத்தான் இருக்கும். விலைத்தாளில் பழைய தரை அகற்றல், திருகாணி, இரண்டாம் அடுக்கு, மட்டம், தாள் அல்லது சிமெந்துப் பலகை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். டைல் மூடுவதற்கு முன் ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, கடைக்குப் போய் இத்தாலிய மாபிளுக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்பாக, பேஸ்மென்ட்டில் எடுத்த அந்த மூன்று அளவுகளை அவரிடம் காட்டி இந்தத் தரை கல்லைத் தாங்குமா என்று கேளுங்கள். தாங்காது என்று வந்தால் பீங்கானிலேயே அழகானது நிறைய இருக்கிறது.