சிப் சந்தை – 7: ஜாப் ஒர்க்குக்கு வந்த இன்டெல்

கப்பலூர் சிட்கோ பட்டறைக்காரர்களுக்கு இந்த வாரக் கதையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வரைபடம் கம்பெனியுடையது, கடைந்து கொடுப்பது பட்டறை. ஆர்டர் தருகிறவர் இரண்டு விஷயம்தான் பார்ப்பார்: சொன்ன தேதிக்குச் சரக்கு வருமா, நூற்றுக்கு எத்தனை தேறும். சிப் தொழிலில் இந்த வேலையைச் செய்பவை ஃபவுண்டரிகள். 1987-ல் மோரிஸ் சாங் தைவானில் தொடங்கிய டி.எஸ்.எம்.சி, தன் பெயரில் ஒரு சிப்கூட விற்காமலேயே இத்துறையில் முதலிடம் பிடித்தது.

இன்டெல் வளர்ந்த விதம் வேறு. தானே வடிவமைத்து, தானே தயாரித்து, தன் பெயரில் விற்றது. 2021-ல்தான் அதன் அப்போதைய தலைவர் பாட் கெல்சிங்கர், மற்றவர்களுக்கும் பெரிய அளவில் தயாரித்துத் தருவோம் என்று அறிவித்தார். அந்த ஃபவுண்டரிப் பிரிவின் இயக்க நஷ்டம் 2023-ல் சுமார் 700 கோடி டாலர். 2024-ல் 1,300 கோடி டாலரைத் தாண்டியது. அங்கே காட்டப்படும் வருமானத்திலும் பெரும்பகுதி இன்டெல்லின் சொந்த சிப்புகளுக்கானது. வெளியார் தந்த பணம் சொற்பம்.

அப்படியிருந்தும் பங்கு ஏறியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசே சுமார் 10% பங்கை எடுக்க ஒப்புக்கொண்டது. சாஃப்ட்பேங்க் 200 கோடி டாலரும், என்விடியா 500 கோடி டாலரும் முதலீடு செய்ய முன்வந்தன. ஏ.ஐ. சிப்புகளுக்கு டி.எஸ்.எம்.சி.யில் வரிசை நீள்கிறது; தைவானை மட்டும் நம்பியிருக்க அமெரிக்காவுக்குத் தயக்கம்; எனவே மிச்ச ஆர்டர் இன்டெல்லுக்குத்தான் என்பது ஒரு சாராரின் கணக்கு.

எனக்கு அந்த அவசரம் இல்லை. என்விடியா அறிவித்தது முதலீடும் கூட்டுத் தயாரிப்புகளும்தான். தன் ஏ.ஐ. சிப்புகளை இன்டெல் ஆலையில் தயாரிக்கிறேன் என்று அது அப்போது வாக்குக் கொடுக்கவில்லை. அதற்கு முன், 2025 ஜூலையில், பெரிய வெளி வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பமான 14ஏ-வையே நிறுத்த நேரலாம் என்று இன்டெல்லே தன் காலாண்டு அறிக்கையில் எழுதியிருந்தது. 2026 ஜனவரியில் நடந்ததும் முக்கியம். ஏ.ஐ. சர்வர்களால் அதன் பிராசஸர்களுக்கே கிராக்கி கூடியது. ஆனால் கேட்ட அளவுக்குத் தயாரித்துக் கொடுக்க முடியவில்லை. காலாண்டு முடிவு வந்த மறுநாள் பங்கு சுமார் 17% சரிந்தது. கிராக்கி இருப்பது மட்டும் லாபமாகிவிடாது.

இன்டெல் கதை நம் ஊர் முதலீட்டாளர்களையும் தொட்டிருக்கிறது. 2025 டிசம்பரில் இன்டெல்லும் டாடா எலெக்ட்ரானிக்ஸும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. குஜராத் தொலேராவில் தைவானின் பி.எஸ்.எம்.சி. துணையோடு 91,000 கோடி ரூபாயில் எழும் டாடா ஆலையிலும், அசாமின் பேக்கேஜிங் ஆலையிலும் இன்டெல் சிப்புகளைத் தயாரிக்க வழி உண்டா என்று பார்ப்பதே அதன் நோக்கம். அது உறுதியான ஆர்டர் அல்ல. திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் நம் பிள்ளைகளுக்காக இந்த ஆலைகள் ஓட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். விருப்பம் வேறு, பங்கு வாங்குவது வேறு.

டாடா எலெக்ட்ரானிக்ஸ் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம். அந்த ஒப்பந்தத்தைக் காட்டி வேறு டாடா பங்கு எதையாவது யாராவது சிபாரிசு செய்தால் வாங்காதீர்கள். இன்டெல் பங்கு வைத்திருப்பவர்கள், அடுத்த காலாண்டு அறிக்கையில் ஃபவுண்டரிக்கு வெளி வாடிக்கையாளர் தந்த வருமானம் எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள்.