அடிக்கு ஒரு அங்குலம்... மேஜை மேல் எழும் பாட்டி வீடு!

பொம்மை வீடு என்றதும் பிங்க் நிற பிளாஸ்டிக் பெட்டியும், பிறந்தநாள் பரிசும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், ஐரோப்பாவில் அந்தக் காலத்துப் பொம்மை வீடுகள் பலவற்றைக் குழந்தைகள் தொடவே முடியாது. அவை பெரியவர்கள் ஆசை ஆசையாகச் சேர்த்த பொக்கிஷங்கள். இன்றைக்கும் அட்டை, பசை, ட்வீசர் சகிதம் உட்கார்ந்து குட்டி வீடு கட்டுகிறவர்களில் வேலைக்குப் போகிறவர்கள், இல்லத்தரசிகள், ஓய்வு பெற்றவர்கள் என எல்லோரும் இருக்கிறார்கள்.

அப்படி என்ன இருக்கிறது இதில்? வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும். சொந்த வீடு என்றாலும் பட்ஜெட், வாஸ்து, மேஸ்திரி, மாமனார் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இந்தக் குட்டி வீட்டில் மட்டும்தான் ஜன்னல் எந்தப் பக்கம், சுவருக்கு என்ன நிறம் என்பது முழுக்க முழுக்கக் கட்டுகிறவரின் முடிவு. அதைவிட முக்கியமாக, இடித்துவிட்ட வீட்டைக்கூட இங்கே மறுபடி எழுப்பலாம்!

நிஜ வீட்டின் விலையில் ஒரு பொம்மை வீடு

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் வாழ்ந்தவர் பெட்ரோனெல்லா ஊர்ட்மன். 1686-ல் ஒரு பட்டு வியாபாரியை மணந்த இவர், அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பொம்மை வீட்டை இழைத்து இழைத்து அலங்கரித்தார். ஆமை ஓடு பதித்த அலமாரிக்குள் அடுக்கடுக்காக அறைகள். அவற்றுக்காகக் கீழை நாடுகளிலிருந்து வரவழைத்த குட்டிக் குட்டிப் பீங்கான் பாத்திரங்கள். கூடை பின்னுகிறவர், வெள்ளி வேலை செய்கிறவர் என நிஜப் பொருள் செய்யும் கைவினைஞர்களே இதற்கும் பொருள் செய்து கொடுத்தார்கள்.

அவர் செலவழித்த தொகைக்கு ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க்கரையில் நிஜமான வீடே வாங்கியிருக்கலாம் என்கிறார்கள். இன்று அந்த வீடு அங்குள்ள ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 300 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குடும்பம் எப்படிச் சமைத்தது, எங்கே துணி உலர்த்தியது, சுவரில் என்ன மாட்டியது என்பதையெல்லாம் அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ராஷ்டிரபதி பவனை வடிவமைத்தவரின் குட்டி அரண்மனை

டெல்லியில் ராஷ்டிரபதி பவனை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸை நமக்குத் தெரியும். அந்த மாளிகை எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1921 முதல் 1924 வரை, அவர் இன்னோர் அரண்மனையையும் வடிவமைத்தார். அது இங்கிலாந்து அரசி மேரிக்காக உருவான பொம்மை வீடு.

அதில் மின்விளக்கு எரியும், லிஃப்ட் ஓடும், குழாயில் தண்ணீர் வரும், கழிப்பறையில் ஃப்ளஷ்கூட வேலை செய்யும். நூலகத்தில் இருப்பதோ அந்தக் கால எழுத்தாளர்கள் பலர் இதற்கென்றே எழுதிக் கொடுத்த, கட்டைவிரல் அளவுப் புத்தகங்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயலும் ஒரு குட்டிக் கதை எழுதித் தந்தார். அடிப்பகுதியில் உள்ள டிராயரை இழுத்தால் ஒரு தோட்டமே வெளியே வரும். 1924-ல் வெம்ப்ளி பொருட்காட்சியில் மக்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்த இந்த வீடு, இப்போது வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது.

துப்புத் துலக்கிய அறைகள்

மூன்றாவது பெண்மணியின் கதைதான் உச்சம். அமெரிக்காவின் ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ, சிகாகோவின் செல்வக் குடும்பத்தில் 1878-ல் பிறந்தவர். அண்ணன் ஹார்வர்டுக்குப் படிக்கப் போனார், இவருக்குக் கல்லூரி வாய்ப்பு கிடைக்கவில்லை. தையல், பின்னல், குட்டிப் பொருள்கள் செய்வது என வீட்டுப் பெண்களுக்கான கலைகளை மட்டும் கற்றார்.

நடுத்தர வயதைத் தாண்டிய பிறகு, அந்தக் கலையையே தடயவியலுக்குக் கொண்டுபோனார். 1940-களில், மர்ம மரணங்கள் நடந்த இடங்களைப் பொம்மை அறைகளாக அமைத்தார். குண்டூசி முனையில் பின்னிய காலுறை, சரியான தேதி காட்டும் காலண்டர், லேபிள் ஒட்டிய டப்பா என எல்லாமே அச்சு அசல். போலீஸ்காரர்கள் அந்த அறைகளை உற்றுப் பார்த்துத் தடயம் தேடப் பழகினார்கள். 1943-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலக் காவல்துறை அவருக்கு கேப்டன் பதவி கொடுத்தது. பால்டிமோர் நகரில் அவருடைய 18 அறைகள் பாதுகாக்கப்படுகின்றன. பயிற்சிக்கு அவை இன்றும் உதவுகின்றன.

‘சின்னச் சின்ன விஷயத்தில்தான் வீட்டின் கதை இருக்கிறது’ என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். இனி, நம் வீட்டு மேஜைக்கு வருவோம்.

கணக்கு ரொம்ப சுலபம்!

பொம்மை வீட்டுக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் அளவு 1:12. அதாவது, நிஜத்தில் ஓர் அடி, இங்கே ஓர் அங்குலம். இன்னமும் அடிக்கணக்கில் வீடு கட்டும் நமக்கு இது மிக வசதி. கொத்தனார் ‘அடி’ என்று சொல்வதையெல்லாம் ‘அங்குலம்’ என்று மாற்றிக்கொண்டால் போதும்.

* 12-க்கு 10 அடி அறை என்றால், 12-க்கு 10 அங்குலத் தரை.
* 7 அடிக் கதவு, 7 அங்குலம்.
* 18 அங்குல உயரத்தில் உட்காரும் நாற்காலி, ஒன்றரை அங்குலம்.
* 30 அங்குலச் சாப்பாட்டு மேஜை, இரண்டரை அங்குலம்.
* ஐந்தரை அடி மனிதர், ஐந்தரை அங்குலப் பொம்மை.

ஒரு விஷயம் கவனம்... பார்பி போன்ற பொம்மைகள் 11 அங்குலத்துக்கும் மேல் உயரமானவை. அவற்றைக் குடிவைக்க வேண்டும் என்றால் அடிக்கு 2 அங்குலம் என்று கணக்குப் போட வேண்டும். எந்த அளவை எடுத்தாலும் கடைசி வரை அதை மாற்றக் கூடாது. ஒரே ஒரு குடம் பெரிதாக இருந்தாலும் மொத்த அறையும் பொம்மையாகத் தெரிந்துவிடும்.

முதலில் ஒரே ஓர் அறை

எடுத்த எடுப்பிலேயே மூன்று மாடி மாளிகையில் இறங்கினால் பாதியில் அலுத்துவிடும். ஒரு தரை, மூன்று சுவர், முன்பக்கம் திறப்பு... இப்படி ஒரே ஓர் அறையில் தொடங்குங்கள். சமையலறையோ, ஊஞ்சல் ஆடும் கூடமோ, எது மனதுக்கு நெருக்கமோ அது.

5 மி.மீ. ஃபோம் போர்டு முதல் முயற்சிக்கு ஏற்றது. ஸ்டீல் ஸ்கேலை வைத்து, கட்டரால் லேசாக மூன்று நான்கு முறை கீறி வெட்டுங்கள். ஒரே அழுத்தாக அழுத்தினால் ஓரம் பிய்ந்துவிடும், கைக்கும் ஆபத்து. வெட்டும் வேலை பெரியவர்களுடையதாகவே இருக்கட்டும். நீண்ட காலம் நிற்க வேண்டும் என்றால் 6 மி.மீ. பிளைவுட் வாங்கி, கார்பென்டரிடம் கொடுத்து அறுத்துக்கொள்ளலாம்.

வேலையின் வரிசை முக்கியம். கதவு, ஜன்னல் ஓட்டைகளை முதலில் வெட்டுங்கள். பசை போடாமல் மாஸ்கிங் டேப் ஒட்டி நிறுத்திப் பாருங்கள். எல்லாம் பொருந்துகிறதா? இனி டேப்பைப் பிரித்து, சுவர்களைப் படுக்க வைத்த நிலையிலேயே பெயின்ட் அடியுங்கள். கூடு ஒட்டிய பிறகு மூலைக்குள் பிரஷ்ஷை நுழைப்பது பெரும்பாடு. ஃபோம் போர்டின் ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் வளைந்துவிடும், பின்பக்கத்துக்கும் ஒரு கோட் கொடுத்துவிடுங்கள்.

அக்ரிலிக் பெயின்ட்டில் கொஞ்சம் சாக்பீஸ் தூள் கலந்தால் பழைய சுண்ணாம்புச் சுவரின் சொரசொரப்பு வரும். வழவழப்பான அட்டையில் செம்மண் நிறம் பூசி, மேலே இரண்டு கோட் வார்னிஷ் அடித்தால் ரெட் ஆக்ஸைடு தரை ரெடி. செட்டிநாட்டுக் கூடம் வேண்டுமா? 8 அங்குல ஆத்தங்குடி டைல், 1:12 அளவில் சுமார் 17 மி.மீ. சதுரம். அந்த அளவில் டிசைனை பிரின்ட் எடுத்து ஒட்டலாம். மரத்தரைக்கு ஐஸ் குச்சிகளை வெட்டி ஒட்டி, கெட்டியான டீ டிகாக்‌ஷன் தடவினால் பழைய மரத்தின் நிறம் கிடைக்கும்.

ஒரு கடுகு, ஒரு சின்ன வெங்காயம்

குட்டி வீட்டுக்கான பொருள்கள் பாதி நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கின்றன. எல்லாம் 12 மடங்கு பெரிதானால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கடுகு, ஒரு சின்ன வெங்காயம். மிளகுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தால் தக்காளி. பொன்னி அரிசிக்குப் பச்சை பூசினால் கோவைக்காய்! ஆனால், வார்னிஷ் அடிக்காமல் வைத்தால் வண்டு வந்துவிடும், ஜாக்கிரதை.

தீப்பெட்டிகளை அடுக்கினால் டிராயர் வைத்த பீரோ. அறுந்துபோன மெல்லிய கவரிங் செயின், ஊஞ்சல் சங்கிலி. ஊஞ்சல் பலகைக்கு 5-க்கு 2 அங்குலக் கட்டை. பரணில் கிடக்கும் செப்புச் சாமான்களையும் எடுத்துப் பாருங்கள். ஓர் அங்குலக் குடம் கச்சிதமாகப் பொருந்தும். 2 அங்குலப் பானையோ இந்த வீட்டில் கல்யாண அண்டா!

துணிதான் பலரும் தடுமாறும் இடம். கனமான துணி இந்த அளவில் மடிந்து தொங்காது, விறைத்து நிற்கும். பழைய மல் துணி, நைந்த காட்டன் புடவை போன்றவையே சரி. ஐந்தரை மீட்டர் புடவை இங்கே சுமார் 46 செ.மீ. தண்ணீரில் கொஞ்சம் ஃபெவிகால் கரைத்து நனைத்து, மடிப்பு வைத்து, குண்டூசி குத்திக் காயவிட்டால் கொசுவமும் திரைச்சீலையும் அழகாக நிற்கும். பூப்போட்ட துணி என்றால் பூ மிளகளவுக்கு மேல் இருக்க வேண்டாம்.

விளக்கேற்றும் நேரம்

மெல்லிய கம்பியில் கோத்த, பேட்டரியில் எரியும் சீரியல் லைட் போதும். இதமான மஞ்சள் நிற எல்.இ.டி. அறைக்கு உயிர் கொடுக்கும். பல்புகளைச் சுவரின் துளை வழியே உள்ளே விட்டு, பேட்டரிப் பெட்டியைப் பின்புறம் ஒளித்துவிடலாம். வீட்டு கரன்ட்டை நேரடியாக இணைக்கவே கூடாது.

வட்டமான பட்டன் பேட்டரி பயன்படுத்துகிறீர்களா? ஸ்க்ரூ போட்டு மூடும் பெட்டிக்குள்தான் அது இருக்க வேண்டும். குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும் ஆபத்து உண்டு. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வாழ்ந்த வீடாக மாற்றுங்கள்

லேசர் கட்டிங் செய்த கிட்கள் இப்போது ஆன்லைனில் கிடைக்கின்றன. படிப்படியாக ஒட்டினால் அழகான வீடு வந்துவிடும். ஆனால், அதே கிட்டை வாங்கியவர்கள் எல்லோருக்கும் அதே வீடுதான் கிடைக்கும். அதை உங்கள் வீடாக மாற்றுவது சின்ன அடையாளங்கள். வாசலில் ஒரு ஜோடி செருப்பு. ஆணியில் தொங்கும் தினசரிக் காலண்டர். அடுப்புக்கு மேலே கரிப்புகை. கதவு நிலையில் மஞ்சள், குங்குமம். தாத்தா தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய் பிசுக்கேறிய சுவர்.

எல்லாம் முடிந்ததும் முன்பக்கத்துக்கு ஓர் அக்ரிலிக் ஷீட் போட்டுவிடுங்கள். நம் ஊர் தூசியைத் துடைத்து மாளாது. பிளைவுட் என்றால் சுவரை ஒட்டி வைக்காமல், கரையான் வருகிறதா என அடிக்கடி பாருங்கள். நவராத்திரிக்கு கொலுப் படி அருகே கேழ்வரகு முளைக்க வைத்து பார்க் அமைக்கிறவர்கள், இந்த ஆண்டு அதன் நடுவே இந்த வீட்டையும் வைக்கலாம்.

இடிக்கும் முன் அளந்து வையுங்கள்

ஊரில் பழைய வீடு விலைபோகிறதா? ஃபிளாட் கட்ட பில்டரிடம் கொடுக்கப் போகிறீர்களா? சாவியை ஒப்படைக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பும் மொபைலும் எடுத்துக்கொண்டு போங்கள். கூடத்தின் நீள அகலம், தூண் உயரம், திண்ணையின் அகலம், ஜன்னல் கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளி என எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு சுவரையும் நேர் எதிரே நின்று படம் எடுங்கள். விளக்கு மாடத்தையும் விட்டுவிடாதீர்கள். கட்டுவது அடுத்த வருடமோ, பத்து வருடம் கழித்தோ இருக்கலாம். அளவு கையில் இருந்தால் அந்த வீடு தொலைந்துபோகாது.

கட்டும்போது அந்த வீட்டில் வாழ்ந்த பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். “அம்மிக்கல்லு அந்தப் பக்கம் இல்லடி, கொல்லைக் கதவை ஒட்டி இருந்துச்சு” என்று ஆரம்பிப்பார்கள். பிறகு, அந்த அம்மியில் அரைத்தவர்கள், கொல்லைக் கதவு வழியாக வந்து போனவர்கள் என்று கதை நீளும். அதையும் மொபைலில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தக் கதைகளும் சேர்ந்ததுதான் வீடு!